இருபத்தெட்டாம் நாள் இரவு

முள்ளிக்கரையில் வீட்டுப்பாடக் கணக்கை யாரும் பாதியில் விடுவதில்லை. சோறு பாதியில் கிடக்கும், சண்டை பாதியில் நிற்கும், பந்தியில் உட்கார்ந்த மாப்பிள்ளை பாதியில் எழுந்து போனதும் அந்த ஊரில் நடந்திருக்கிறது. ஆனால் ஓடைப் பாலத்தைத் தாண்டி உள்ளே வந்துவிட்ட கணக்கை விடைவரைக்கும் கொண்டுபோய்ச் சேர்க்காமல் எவரும் இடத்தை விட்டு எழுந்திருக்க மாட்டார்கள், ஏனென்றால் ஓடைக்கு அந்தப் பக்கம் பள்ளிக்கூடத்தில் வெறும் எழுத்தாகக் கிடக்கிற கணக்கு, ஓடையைத் தாண்டி யாராவது வாய்விட்டு வாசித்ததும் நடக்கத் தொடங்கிவிடும்.

அது எப்போது தொடங்கியது, ஏன் தொடங்கியது என்று அங்கே யாரும் கேட்பதில்லை. மழை ஏன் பெய்யவில்லை என்றுதான் கேட்பார்கள். தண்டவாளமே இல்லாத ஊரில் இருநூறு மீட்டர் நீளமுள்ள ரயில் ஒன்று ரேஷன் கடைத் தெருவில் புகுந்து, ஒரு பையன் கணக்கை விட்டுவிட்டு விளையாடப் போனதால் கணக்கு முடியும்வரை போய்க்கொண்டே இருந்ததையும், பெண்கள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அது கடந்து போவதற்காகச் சாயங்காலம்வரை காத்து நின்றதையும் கேட்டால், ஆமாம் நின்றோம், கால் வலித்தது என்பார்கள். கமலா என்று ஒருத்தி வந்து பதினெட்டு வாழைப்பழத்தை ஐந்து பேருக்குப் பங்கிட்டுவிட்டு, மிச்சம் மூன்றை என்ன செய்வதென்று கணக்கில் சொல்லாததால் பழம் கறுத்து ஒழுகும்வரை முச்சந்தியில் நின்றிருக்கிறாள். அப்போதிருந்து ஊரில் யாரும் பிள்ளைக்குக் கமலா என்று பெயர் வைப்பதில்லை. ராமு, சோமு, மேரி, கண்ணன் எதுவும் கிடையாது. எந்தப் பாடப் புத்தகக்காரனுக்கும் தோன்றாத பெயராகத் தேடி ஒண்டிப்புலி, காத்தம்மை, குன்னிமுத்து என்று வைத்தார்கள்.

ரயிலையும் வாழைப்பழத்தையும் பற்றிச் சிரித்துப் பேசலாம். சுவரைப் பற்றிப் பேசமாட்டார்கள். பன்னிரண்டு ஆட்கள் எட்டு நாளில் கட்டும் சுவரை ஆறு ஆட்கள் எத்தனை நாளில் கட்டுவார்கள் என்ற கணக்குக்கு, ஒரு பையன் படி எதுவும் போடாமல் கைடைப் பார்த்து விடையை மட்டும் எழுதிவிட்டான். சுவர் நின்றது. ஊருக்கு வடக்கே இன்றும் நிற்கிறது. கட்டிய ஆட்கள் வெளியே வருகிற படிதான் எழுதப்படவில்லை. ஈரக்காற்று அடிக்கிற நாளில் அந்தச் சுவருக்குள்ளிருந்து இருமல் கேட்கும். ஒருமுறை நாலைந்து பேர் கடப்பாரை கொண்டுபோய் இடிக்கப் பார்த்தார்கள். கணக்கில் இல்லாத கடப்பாரை பட்ட இடத்தில் இருமல் நின்று அலறல் கேட்டது. போட்டுவிட்டு ஓடிவந்தார்கள்.

ஆகவே ஊர் ஒரு முறை வைத்துக்கொண்டது. பிள்ளைகள் பாலத்தில் நின்று பையைத் திறந்து காட்ட வேண்டும். கணக்கு இருந்தால் யாரும் தனியாக வாசிக்கக் கூடாது. எல்லோரும் ரேஷன் கடைத் தகரக் கொட்டகைக்கு வர வேண்டும். அங்கே தளவாய் என்று ஒருவன் ஒவ்வொரு படியாகச் சத்தம்போட்டுச் சொல்லுவான், ஊர் திருப்பிச் சொல்லும், சொல்லச் சொல்ல கணக்கு நடந்து முடிந்து ஊரை விட்டு இறங்கிப் போய்விடும். வேறு சிலரும் தனியாகச் சொல்லிப் பார்த்தார்கள். எடுபடவில்லை. தளவாயின் வாய்க்குத்தான் கணக்கு அசைந்தது; அவன் அசைத்துவிட்ட கணக்கு ஊர் சேர்ந்து சொன்னாலும் நடக்கும்.

கொம்பையாவுக்கு அதுதான் பொறுக்கவில்லை. தளவாய் அவருடைய பெண்டாட்டி பேச்சியின் கூடப்பிறந்த தம்பி. இருபது வருசமாக அவனிடம் அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. தாயின் வயது மகளின் வயதைப்போல் இரண்டு மடங்கு, பத்து ஆண்டுகளுக்குப் பின் அவர்கள் வயது ஐந்துக்கு மூன்று என்று இருக்கும், இப்போதைய வயது என்ன என்று யார் வீட்டுப் பிள்ளையோ ஒரு கணக்குக் கொண்டுவந்தது. அந்த வருசம் ஊரில் அதற்குப் பொருந்தி இருந்தது நாற்பது வயதுப் பேச்சியும் இருபது வயது மகள் ஆவுடையும்தான். தளவாய் பத்தைக் கூட்டினான், பெருக்கினான், கழித்தான், எல்லாம் சரியாகச் சொன்னான். கடைசியில் ‘இப்போதைய வயது’ என்று திரும்பி வருகிற வரியைச் சொல்லாமல், மகள் இருபது, தாய் நாற்பது என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டான். இரண்டு பேரும் ஐம்பதும் முப்பதுமாகப் பத்து வருசத்துக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டார்கள். நடையில் பூக்கட்டிக்கொண்டிருந்த பேச்சிக்கு நார் முடிகிற நேரத்தில் தலை நரைத்தது. மறுநாள் ஆவுடையைப் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டார் காபியைக்கூடக் குடிக்காமல் திரும்பிப் போனார்கள். ஐம்பத்து நான்கு வரைக்கும் இருக்கவேண்டிய பேச்சி நான்கே வருசத்தில் போய்ச் சேர்ந்தாள். ஆவுடை நாள் கழித்து இரண்டாந்தாரமாகப் போய், நாற்பதைத் தாண்டி ஒரு பெண்ணைப் பெற்றாள். அதுதான் குன்னிமுத்து.

பேச்சியை எடுத்த அன்றைக்கே கொம்பையா வண்டிமலைச்சி கோயில் முன்னால் ஊரைக் கூட்டிச் சூடம் கொளுத்தச் சொல்லிச் சத்தியம் வாங்கினார். இனிமேல் எந்தக் கணக்கிலும் ஒரு வரியும் விடக் கூடாது. ஏற்றம் சொன்னால் இறக்கம் சொல்ல வேண்டும், பகல் சொன்னால் இரவு சொல்ல வேண்டும், போனது சொன்னால் வந்தது சொல்ல வேண்டும். தளவாய் விட்டால் ஊர் சேர்ந்து சொல்லிவிட வேண்டும். கொம்பையா மூன்றாம் வகுப்போடு நின்றவர். பெருக்கலும் வகுத்தலும் அவருக்கு ஓடாது. ஆனால் ஒரு வரிக்குப் பின் இன்னொரு வரி வருகிறதா என்று பார்க்கப் படிப்பு வேண்டியதில்லையே. அன்றிலிருந்து கணக்கு நடக்கிற ஒவ்வொரு சாயங்காலமும் பூண் போட்ட கம்பை மடியில் கிடத்தி, தளவாய்க்கு நேர் எதிரே உட்கார்ந்து, அவன் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார். வரி ஒன்று தட்டினால் கம்பு எழும்பும். அவன் வாய் நடுங்குவதைப் பார்க்க அவருக்கு ஒரு நிறைவு இருந்தது. அது பேச்சியைத் திருப்பித் தரவில்லை, அவ்வளவுதான்.

குன்னிமுத்து நான்காம் வகுப்புக்குப் போன வருசம் பள்ளிக்கூடத்துக்கு அருள்நம்பி என்று புது வாத்தியார் வந்தார். சின்ன வயது, நல்ல மாதிரி. ஊர்ப் பெரியவர்கள் போய், “சார், புத்தகத்துல உள்ள கணக்கை மட்டும் குடுங்க, கையில இருந்து எதுவும் போடாதீங்க” என்று மட்டும் சொன்னார்கள். காரணம் சொன்னால் பைத்தியம் என்று நினைப்பாரோ என்று சொல்லவில்லை. அவர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். ஆனால் பிள்ளைகளுக்குக் கணக்கென்றாலே முகம் வெளிறுவதைப் பார்த்து மனசு பொறுக்காமல், விளையாட்டுப்போல இருக்கட்டுமே என்று, கிணற்றில் விழுந்த தவளைக் கணக்கில் தவளையை எடுத்துவிட்டு முதல் பெஞ்சில் இருந்தவளின் பெயரைப் போட்டார். வகுப்பு முழுக்கச் சிரித்தது. குன்னிமுத்துவும் சிரித்தாள்.

பாலத்தில் பை பார்த்தவர்கள் அச்சடித்த புத்தகத்தைத்தான் புரட்டினார்கள். நோட்டில் வாத்தியார் சொல்லி எழுதியதை யாரும் பார்க்கவில்லை. ஒன்பது வயதுப் பிள்ளை, தன் பெயர் வந்த சந்தோசம் தாங்காமல், தாத்தா வீட்டு முற்றத்தில் ஆட்டுக்குட்டிக்குப் பக்கத்தில் நின்று சத்தமாக வாசித்தது. “குன்னிமுத்து முப்பது அடி ஆழக் கிணற்றின் அடியில் இருக்கிறாள். பகலில் மூன்று அடி ஏறுகிறாள். இரவில் இரண்டு அடி சறுக்குகிறாள். அவள் வெளியே வர எத்தனை நாளாகும்?”

கொம்பையா மாட்டுக்குத் தவிடு கரைத்துக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்கும்போது முற்றத்தில் கிணறு இருந்தது. ஆட்டுக்குட்டி விளிம்பில் நின்று உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

“தாத்தா” என்று கீழேயிருந்து குரல் வந்தது. “தாத்தா, நான் கணக்குக்குள்ள இருக்கேன்.”

ஊர் திரண்டுவிட்டது. யாரும் ஏன், எப்படி என்று கேட்கவில்லை. பெண்கள் வரும்போதே அடுப்பை அணைத்துவிட்டு வந்தார்கள், நேரமாகும் என்று தெரியும். டீக்கடை முப்புடாதி கயிற்றைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்த தன் மகனை முதுகில் இரண்டு போட்டு, “கயிறு கணக்குல இருக்காலே? சுவத்தை மறந்துட்டியா?” என்று பிடுங்கி எறிந்தாள். ஆவுடை உள்ளே போடுவதற்கு வாழைப்பழச் சீப்பை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் கையையும் இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள். வாத்தியாருக்கு ஆள் போய், அவரும் பாலம் தாண்டி மூச்சிரைக்க வந்து, கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு, “இதுக்கு விடை வந்து...” என்று தொடங்கினார். முப்புடாதி முந்தானையைச் சுருட்டி அவர் வாயில் அமுக்கினாள்.

“விடையைச் சொல்லிராதீரும் சார். படி இல்லாம விடை வந்தா பிள்ளை நடுவுல நின்னுரும்.”

அவரை இரண்டு பேர் பாலத்துக்கு அப்பால் கொண்டுபோய் விட்டார்கள்.

தளவாய் வந்தான். கூட்டம் வழிவிட்டது. அவனும் கிழவனாகியிருந்தான், வேட்டியைக் கோவணம்போல இழுத்துச் சொருகியிருந்தான். கிணற்றின் ஒரு பக்கம் அவன் உட்கார்ந்தான். எதிர்ப்பக்கம் கொம்பையா உட்கார்ந்து கம்பை மடியில் கிடத்தினார். பேசுகிற உறவாக இருந்திருந்தால் அவன் காலில் விழுந்திருப்பார். விழவில்லை. அவன் வாயைப் பார்த்தார். பேச்சியைத் தின்ற வாய். இந்த வாயை நம்பித்தான் இப்போது பிள்ளை கிடக்கிறது.

“ஏட்டி குன்னி” என்று தளவாய் உள்ளே குனிந்து கூப்பிட்டான். “சின்னத் தாத்தா சொல்லச் சொல்ல ஏறணும். சறுக்கும்போது பயந்துறாத. சறுக்கறதும் கணக்குத்தான்.”

“சரி சின்னத் தாத்தா.”

“முதல் நாள் பகல். மூன்றடி ஏறினாள்.”

ஊர் திருப்பிச் சொன்னது. கிணற்றுக்குள் மட்டும் வெயில் ஏறியது, வெளியே அதே சாயங்காலம்தான். உள்ளே பிள்ளை சுவரில் கைபதித்து ஏறுவது தெரிந்தது.

“முதல் நாள் இரவு. இரண்டடி சறுக்கினாள். ஏறிய உயரம் ஓரடி.”

உள்ளே இருட்டு வந்து நிறைந்தது, கருப்புத் தண்ணீர்போல. நகம் சுவரில் கீறுகிற சத்தம் கேட்டது. சறுக்கல் நிற்கிற இடத்தில் ஒரு விக்கல்.

அப்படியே போயிற்று. இரண்டாம் நாள், மூன்றாம் நாள், பகல், இரவு, மூன்று மேலே, இரண்டு கீழே, ஒரு நாளுக்கு ஓரடி என்று ஊர் பஜனைபோல ஒரே குரலில் சொல்லிக்கொண்டு போக, சொல்லுக்குச் சொல் கிணற்றில் வெளிச்சமும் இருட்டும் மாறி மாறி அடிக்க, மேலே நிற்பவர்களுக்கு ஒரு மூச்சு விடுகிற நேரம் உள்ளே இருப்பவளுக்கு ஒரு முழு நாளாகக் கழிந்தது. ஏழாம் நாள் பசிக்கிறது என்றாள். கணக்கில் சோறு இல்லை. ஆனால் கணக்கில் சாவும் இல்லை என்று யாரோ ஒருத்தி ஆவுடையின் காதில் சொல்லிக்கொண்டே இருந்தாள். பன்னிரண்டாம் நாள் கை எரிகிறது என்றாள். பதினைந்தாம் நாளுக்குப் பிறகு எதுவும் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருந்தது. பகலில் மட்டும் அந்த முகம் அண்ணாந்து தெரியும். அதில் சிரித்த பிள்ளையைக் காணோம். இருட்டு எப்போது வரும் என்று தளவாயின் உதட்டையே பார்க்கிற முகமாக அது மாறியிருந்தது. தான் இருபது வருசமாகப் பார்த்த பார்வை அது என்று கொம்பையாவுக்குத் தெரிந்தது.

இருபதாம் நாள் தளவாய்க்குத் தொண்டை கட்டியது. சொம்பை நீட்டினார்கள். குடிக்கவில்லை, நடுவில் நிறுத்தினால் உள்ளே என்ன ஆகுமோ என்று எச்சிலை விழுங்கிக்கொண்டு சொன்னான். கொம்பையா விரலை மடக்கி மடக்கிக் கணக்கு வைத்துக்கொண்டார். ஒரு நாளுக்கு ஓரடி. முப்பதடிக்கு முப்பது நாள். இதற்குப் பெருக்கல் வகுத்தல் தேவையில்லை, மூன்றாம் வகுப்பே போதும். இன்னும் பத்து. இன்னும் ஐந்து. இன்னும் மூன்று.

“இருபத்தேழாம் நாள் இரவு. இரண்டடி சறுக்கினாள். ஏறிய உயரம் இருபத்தேழடி.”

ஊர் சொன்னது.

“இருபத்தெட்டாம் நாள் பகல். மூன்றடி ஏறினாள்.”

ஊர் சொன்னது. முதலில் நான்கு விரல் கிணற்று விளிம்பில் வந்து பற்றியது. அப்புறம் இன்னொரு கையின் நான்கு விரல். நகம் எல்லாம் தேய்ந்து சதை தெரிந்தது. விரல்களுக்குப் பின்னால் உச்சந்தலை.

அடுத்த வரிக்கு ஊர் வாய் திறந்தது. பகல் சொன்னால் இரவு. தளவாய் சொல்லவில்லை. வாயை இறுக்கி மூடிக்கொண்டான்.

எல்லாரும் ஒன்றாகக் கத்தினார்கள். “இரவு சொல்லு தளவாய்!” “வரி விடாதேய்யா!” “சத்தியம் இருக்கு வே! இன்னும் ரெண்டு நாள் பாக்கி கெடக்கு!” முப்புடாதி தலையில் அடித்துக்கொண்டாள். “பாவி, மறுபடியும் முழுங்கறானே!” கிணற்றின் அடியில், வரியை யாரும் சொல்லாமலே, ஊர் கேட்டுக் கத்துகிற அந்த இரவின் நிழல்போல, மை மாதிரி ஏதோ கசிந்து மேலே வரத் தொடங்கியது.

கொம்பையாவின் கம்பு தானாக எழும்பியது. இருபது வருசப் பழக்கம்.

தளவாய் கம்பைப் பார்க்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தான். பேச்சி செத்ததற்குப் பிறகு முதல் தடவையாக நேராகப் பேசினான்.

“மச்சான், வெளிய வந்தவளுக்கு ஏது சறுக்கல்? கெணத்துக்குள்ள இருந்தாத்தான சறுக்கும். இந்த ராத்திரிய நான் சொன்னா பிள்ளை ரெண்டடி உள்ள போயிரும். நாளைக்கு ஏறும், மறுபடி ராத்திரி சொல்லச் சொல்லுவீங்க. காலம்பூரா ஏறிக்கிட்டே கெடக்கும். நான் சொல்ல மாட்டேன். அடிக்கிறதுன்னா அடிங்க.”

“முப்பதடிக்கு முப்பது நாளு!” என்று கூட்டத்திலிருந்து ஒருவன் கூவினான். “எங்க தாத்தாக்கும் தெரியும்!”

கொம்பையாவுக்குத் தலைக்குள் சத்தமாக இருந்தது. முப்பதுதான் அவருக்கும் வந்தது. மடக்காத விரல் இரண்டு மிச்சம் நின்றது. இவன் அந்த இரண்டையும் தின்னப் பார்க்கிறான், பத்தைத் தின்றவனுக்கு இரண்டு எம்மாத்திரம்? இவன் சொன்னதை நம்பி விட்டுவிட்டால், வெளியே வருவது முழுப்பிள்ளையாக வருமா, இல்லை, அந்தச் சுவர் மாதிரி உள்ளே இருமிக்கொண்டு ஏதோ ஒன்று வருமா? விடாமல் சொல்லச் சொன்னால்? அவர் விளிம்பைப் பார்த்தார். வலது கைச் சுண்டுவிரல் மெல்ல வழுக்கிக்கொண்டிருந்தது. தலைக்குள் எந்தக் கணக்கும் ஓடவில்லை. தளவாயின் வாய் நடுங்கவில்லை என்பது மட்டும் தெரிந்தது. இருபது வருசத்தில் அதை அவர் பார்த்ததே இல்லை.

“இருபத்தெட்டாம் நாள் இர...” என்று கூட்டத்தில் யாரோ தொடங்கினார்கள். நாலு பேர் கூடச் சேர்ந்தார்கள். விரல்கள் வழுக்கின.

கொம்பையா எழுந்து கிணற்றுக்கு முதுகைக் காட்டி ஊரைப் பார்த்துத் திரும்பினார். கம்பை இரண்டு கையாலும் தலைக்கு மேல் ஓங்கினார்.

“எவனாவது வாயத் தொறந்தீங்க, மண்டையப் பொளந்துருவேன்! அந்த ராத்திரிய ஒருத்தனும் சொல்லக் கூடாது. சத்தியமா? நான் வாங்கின சத்தியம்தானல? நானே ஒடைக்கேன். வண்டிமலைச்சி என்னைக் கேக்கட்டும்!”

ஊர் வாயை மூடிக்கொண்டது. குழந்தைகள் வாயைத் தாய்மார் பொத்தினார்கள். அந்த அமைதியில் பின்னால் தளவாயின் கட்டிய குரல் மட்டும் கேட்டது.

“ஏறிய உயரம் முப்பதடி. கிணற்றின் ஆழம் முப்பதடி. வெளியே வந்துவிட்டாள். ஆகவே, விடை இருபத்தெட்டு நாள்.”

கொம்பையா திரும்பிப் பார்க்கப் பயந்து அப்படியே நின்றார். ஆவுடை அலறியது கேட்டுத்தான் திரும்பினார். கிணறு இல்லை. புழுதியில் குப்புறக் கிடந்த பிள்ளை விரல்களால் மண்ணைப் பற்றிக்கொண்டிருந்தது. பெண்கள் ஓடிப்போய்த் தூக்கிப் பார்த்தார்கள். விரல் எண்ணினார்கள், பல் எண்ணினார்கள், உன் பேர் என்ன, அம்மா பேர் என்ன என்று கேட்டார்கள், நெஞ்சில் காது வைத்து இருமல் கேட்கிறதா என்று பார்த்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. முடி ஒரு விரற்கடை வளர்ந்திருந்தது. எட்டுச் சட்டி சோறு இருந்தால் எட்டையும் தின்னும் போல இருந்தது. ஊர் பெருமூச்சு விட்டு, அணைத்த அடுப்பை மூட்ட வீட்டுக்குப் போனது. நாளைக்கு வாத்தியாரிடம் யார் போய்ச் சொல்வது என்று பேசிக்கொண்டே போனார்கள்.

தளவாய் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தான். கால் மரத்திருக்க வேண்டும். கொம்பையா அவனைப் பார்க்காமல் மாட்டைப் பார்த்துக்கொண்டு மகளிடம் சொன்னார்.

“அவன் தொண்டை கட்டிக் கெடக்கு. சுக்குத் தண்ணி போட்டுக் குடு. குடிச்சிட்டுப் போகச் சொல்லு.”

அதற்கு மேல் அவரால் முடியவில்லை. பேச்சியின் பத்து வருசம் அங்கேயேதான் கிடந்தது, இன்றைக்கு நடந்ததில் அதில் ஒரு நாளும் குறையவில்லை. தளவாய் சுக்குத் தண்ணியைக் குடித்தான், டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனான்.

குன்னிமுத்து தின்றது, மறுபடி தின்றது, பிறகு தாத்தாவின் மடியில் வந்து ஏறிக்கொண்டது. மேற்கே பனங்காட்டுக்குப் பின்னால் வெளிச்சம் சிவந்து இறங்கியது. முற்றத்தில் நிழல் நீண்டது. அப்போதுதான் அவர் மணிக்கட்டில் பிள்ளையின் தேய்ந்த விரல்கள் இறுகின. ரத்தம் கட்டும் அளவுக்கு இறுகின. அது மேற்கையும் பார்க்கவில்லை, அம்மாவையும் பார்க்கவில்லை. தெருவில் போகிற வருகிறவர்களின் உதடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தது.

“தாத்தா” என்றது மெதுவாக. “இப்ப ராத்திரிய யாரு சொல்றா?”

“ஒருத்தரும் சொல்லல தாயி” என்றார் கொம்பையா. “இது அதுவா வருது.”

சொன்ன பிறகுதான் அதில் ஆறுதல் எதுவும் இல்லை என்று அவருக்குப் பட்டது. பிள்ளையைப் பிடித்திருந்த கையை அவரும் இறுக்கிக்கொண்டார்.